கல்லீரலைக் கடந்து செல்லாத இரத்தம்: அறிவு மங்குவது ஏன்?



மனிதனுக்கு அருளப்பட்ட கொடைகளுள் அறிவே தலையாயது. தொழுகை, நோன்பு முதலிய கடமைகள் யாவும் அறிவு நிலையாக உள்ளவர் மீதே விதிக்கப்பட்டுள்ளன என்பதை நாம் அறிவோம். அத்தகைய அறிவு, மூளையில் எந்தக் காயமும் இல்லாதபோதே, வயிற்றில் உள்ள ஓர் உறுப்பின் காரணமாக மங்கிப் போகக்கூடும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐவேளைத் தொழுகையையும் தவறவிடாத ஒரு பெரியவர், ரக்அத் எண்ணிக்கையில் அடிக்கடி தடுமாறுகிறார். பகலெல்லாம் உறங்குகிறார், இரவெல்லாம் விழித்திருக்கிறார். சிறு சொல்லுக்கும் சினம் கொள்கிறார். கையெழுத்து உருமாறிப் போகிறது. கைகளை நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்கச் சொன்னால், பறவையின் சிறகு போல் அவை படபடக்கின்றன. வாயிலிருந்து இனிப்பு கலந்த ஒரு நெடி வீசுகிறது. சில நாட்களில் பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்து, பின்னர் எழுப்பினாலும் எழாத உறக்கத்தில் ஆழ்ந்து விடுகிறார்.

இந்நிலையைக் காணும் குடும்பத்தார் என்ன சொல்கின்றனர்? "வயதாகிவிட்டது" என்கின்றனர் சிலர். "ஜின் தீண்டியிருக்கும்" என்று தாயத்துத் தேடிச் செல்கின்றனர் சிலர். "இரவில் உறங்காததால்தான் இப்படி" என்று மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்து விடுகின்றனர் வேறு சிலர். இம்மூன்றில் முதல் இரண்டும் சிகிச்சையைத் தாமதமாக்கும். மூன்றாவதோ உயிருக்கே ஆபத்தாக முடியும். அது ஏன் என்பதை அறிய வேண்டுமானால், கல்லீரலுக்குச் செல்லும் இரத்தத்தின் பாதையை முதலில் அறிந்து கொள்ள வேண்டும்.

கல்லீரலின் வாயில்

உடலின் மற்ற உறுப்புகளிலிருந்து வெளியேறும் இரத்தம் நேராக இதயத்துக்குத் திரும்புகிறது. வயிறு, குடல், கணையம், மண்ணீரல் ஆகியவற்றின் இரத்தம் மட்டும் அவ்வாறு செல்வதில்லை. அது போர்ட்டல் சிரை என்னும் பெருங்குழாயில் ஒன்றுகூடி, முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் இரத்தம் கல்லீரலுக்குள் பாய்கிறது. அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்தப் போர்ட்டல் சிரை வழியாகவே வருகிறது. எஞ்சியது தமனி வழியாக வருகிறது.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைச் சிந்தித்துப் பாருங்கள். நாம் உண்ணும் உணவிலுள்ள புரதத்தைக் குடலிலுள்ள பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. குடலின் செல்களும் தம் பங்குக்கு அதை உண்டாக்குகின்றன. அம்மோனியா மூளைக்கு நஞ்சு. கல்லீரல் அதைத் தீங்கற்ற யூரியாவாக மாற்றிவிடுகிறது. யூரியா சிறுநீரில் வெளியேறுகிறது. குடலின் கழிவு எதுவும் காவலரைத் தாண்டாமல் உடலுக்குள் செல்லக் கூடாது என்பதே இந்த அமைப்பு.

திருவள்ளூர் மாவட்டத்து மக்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். பூண்டி நீர்த்தேக்கத்தின் நீர் அப்படியே சென்னை மக்களின் வீட்டுக் குழாய்களுக்குப் போவதில்லை. அது கால்வாய் வழியே சென்று, சுத்திகரிப்பு நிலையத்தில் தூய்மையாக்கப்பட்ட பின்னரே குழாய்களில் ஏறுகிறது. சுத்திகரிப்பு நிலையம் அடைபட்டாலோ, கால்வாய் உடைந்து நீர் குறுக்கு வழியில் குழாய்க்குள் புகுந்தாலோ என்ன ஆகும்? வீடுதோறும் கலங்கல் நீர்தான் வரும். கல்லீரலின் இரத்தப் பாதை பழுதானால் மூளைக்கு நேர்வதும் இதுவே.

பாதை மாறுவது எப்படி?

கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் நோயில், உள்ளிருக்கும் நுண்குழாய்கள் நெரிபடுகின்றன. வரும் இரத்தத்தை உள்ளே விட வழியில்லை. போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. தேங்கிய இரத்தம் புதுவழி தேடுகிறது. உணவுக்குழாய், இரைப்பை, மலக்குடல் ஆகிய இடங்களிலுள்ள சிறு சிரைகள் பருத்து, குறுக்கு வழிகளாக மாறுகின்றன. அவ்வழியே செல்லும் இரத்தம் கல்லீரலைக் காணாமலேயே இதயத்தை அடைந்து, அங்கிருந்து மூளைக்குச் செல்கிறது.

இங்கே நம் சமுதாயத்தில் நிலவும் ஒரு தவறான எண்ணத்தைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. கல்லீரல் நோய் என்றாலே அது குடிப்பவருக்கு வருவது என்று பலரும் கருதுகின்றனர். வாழ்நாளில் மதுவைத் தொட்டிராத ஒருவருக்கு இந்நோய் வந்தால், ஊரார் ஒரு மாதிரியாகப் பார்க்கின்றனர். அந்தப் பார்வைக்கு அஞ்சி நோயையே மறைத்து வைக்கும் குடும்பங்களும் உண்டு. மது ஒரு பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களாலும், நீரிழிவும் உடல் பருமனும் சேர்ந்து உண்டாக்கும் கொழுப்புக் கல்லீரலாலும் சிரோசிஸ் வருகிறது. ஒரு முஸ்லிமைக் குறித்துத் தீய எண்ணம் கொள்வது பாவம் என்பதை மறந்து, நோயாளியின் மீது பழி சுமத்துவோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

சிரோசிஸ் இல்லாமலும் இந்தப் பாதை கெடலாம். போர்ட்டல் சிரையின் நுண்கிளைகள் மட்டும் கல்லீரலுக்குள் அடைபடும் ஒரு நோய் இந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்டதாகும். திருவாலங்காட்டிலிருந்து மேற்கே அரக்கோணம், காட்பாடி வழியாக எளிதில் சென்றடையக்கூடிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்நோய் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. கல்லீரலில் அழுத்தம் ஏறியும் காரணம் புலப்படாதிருந்த நோயாளிகளின் கல்லீரல் திசுவை அங்குள்ள மருத்துவர்கள் ஆய்வு செய்தனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சிரோசிஸ் இல்லை, நுண்சிரை அடைப்பே உள்ளது என்று 2009இல் அவர்கள் வெளியிட்டனர். அதாவது கல்லீரலின் செல்கள் பெரும்பாலும் நலமாகவே உள்ளன. இரத்த ஓட்டம்தான் கெட்டுள்ளது.

குழந்தைகளுக்கு வருவது இன்னொரு வகை. கல்லீரலுக்கு வெளியிலேயே போர்ட்டல் சிரை அடைபட்டுப் போகிறது. நன்றாக விளையாடிக் கொண்டிருக்கும் குழந்தை திடீரென இரத்த வாந்தி எடுக்கும்; மண்ணீரல் வீங்கி வயிறு பருக்கும். நம் நாட்டுக் குழந்தைகளிடம் போர்ட்டல் அழுத்தம் ஏறுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

நாய்களிடம் கண்ட உண்மை

மூளை மங்குவதற்குக் காரணம் கல்லீரல் செல்களின் அழிவா, அல்லது இரத்தத்தின் பாதை மாற்றமா? இக்கேள்விக்கு விடை 19ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்தது. 1877இல் ரஷ்ய மருத்துவர் நிக்கோலாய் எக், நாய்களின் போர்ட்டல் சிரையை அறுவையின் மூலம் கீழ்ப்பெருஞ்சிரையுடன் இணைத்தார். நலமான கல்லீரல் அப்படியே இருந்தது. குடலின் இரத்தம் மட்டும் அதைத் தவிர்த்துச் சென்றது. 1893இல் இவான் பாவ்லோவும் அவருடைய சகாக்களும் இந்த அறுவையைச் செம்மையாகச் செய்து நாய்களைக் கவனித்தனர். இறைச்சி உண்டபின் அந்நாய்கள் மூர்க்கம் கொண்டன, தள்ளாடின, பார்வை மங்கின, வலிப்புற்று மயங்கின. கல்லீரல் நலமாக இருந்தும் இரத்தம் அதன் வழியே செல்லாவிட்டால் மூளை கெடும் என்பது அன்றே உறுதியாயிற்று. 1954இல் இலண்டன் மருத்துவர் ஷீலா ஷெர்லாக்கும் அவருடைய சகாக்களும் மனிதரிடம் காணப்படும் இதே நிலையை விரிவாக விளக்கி, இரத்தப் பாதை மாற்றத்தையே குறிக்கும் பெயரை அதற்குச் சூட்டினர்.

இதன் மறுபக்கத்தையும் காணுங்கள். 2006இல் அமெரிக்காவின் சிகாகோ மருத்துவர்கள், போர்ட்டல் சிரை அடைபட்ட குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, இரத்தத்தை மீண்டும் கல்லீரலுக்குள் செலுத்தினர். அக்குழந்தைகளின் கவனமும் சிந்தனைத் திறனும் மேம்பட்டதாகச் சோதனைகளில் கண்டனர். எனவே அடைப்புள்ள குழந்தை பாடத்தில் பின்தங்கினால், "மந்தம்" என்று பட்டம் சூட்டிவிடாதீர்கள். தெளிவாகத் தெரியாத அளவுக்கு மூளை மங்குதல் அத்தகைய நோயாளிகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இருப்பதாக டெல்லி மருத்துவர்கள் கண்டுள்ளனர்.

பூட்டும் சாவியும்

இனி மூளைக்குள் செல்வோம். மூளையின் நரம்பு செல்கள் ஒன்றோடொன்று வேதிப்பொருட்களால் பேசிக்கொள்கின்றன. ஒரு செல் வெளியிடும் பொருளை அடுத்த செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி பெற்றுக்கொள்கிறது. வேதிப்பொருளைச் சாவி என்றும், ஏற்பியைப் பூட்டு என்றும் கொள்ளலாம். சாவி பொருந்தினால் கதவு திறக்கும். செய்தி உள்ளே செல்லும்.

இச்செய்திகள் முக்கியமாக இரு வகைப்படும். குளுட்டமேட் என்பது செல்லைத் தூண்டும்; வாகனத்தின் வேகமிதி போன்றது. காபா என்பது செல்லை அடக்கும்; பிரேக்கைப் போன்றது. இரண்டும் அளவோடு இயங்கும்போதுதான் மனிதன் விழிப்போடும் அமைதியோடும் இருக்கிறான்.

கல்லீரலைத் தவிர்த்து வந்த அம்மோனியா மூளைக்குள் நுழைந்ததும், ஆஸ்ட்ரோசைட் எனப்படும் விண்மீன் வடிவச் செல்களே அதை எதிர்கொள்கின்றன. அவை அம்மோனியாவைக் குளுட்டமேட்டுடன் சேர்த்துக் குளுட்டமின் என்னும் பொருளாக மாற்றுகின்றன. ஆனால் குளுட்டமின் மிகுந்தால் அது நீரை ஈர்க்கும், செல்கள் வீங்கும். நரம்பு செல்களுக்குப் பணிவிடை செய்ய வேண்டிய அச்செல்கள் தாமே நோயுறுகின்றன.

நோயுற்ற ஆஸ்ட்ரோசைட்டுகளில் ஒரு குறிப்பிட்ட புரதம் பெருகுகிறது. அதன் தூண்டுதலால் நரம்பு ஸ்டீராய்டுகள் என்னும் பொருட்கள் சுரக்கின்றன. இவை நேராகச் சென்று காபா ஏற்பியில் அமர்ந்து, அதன் கதவை வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்து வைக்கின்றன. கல்லீரல் மயக்கத்தில் இறந்தோரின் மூளையை ஆராய்ந்தபோது, இத்தகைய ஸ்டீராய்டு மிகுந்திருப்பது கண்டறியப்பட்டது. பிரேக் எப்போதும் அழுந்தியே இருக்கும் வாகனம் எப்படி ஓடும்? உறக்கமும் மந்தமும் குழப்பமும் இங்கிருந்தே பிறக்கின்றன.

வேகமிதியும் பழுதாகிறது. குளுட்டமேட்டுக்கான ஏற்பிகளுள் என்.எம்.டி.ஏ. என்பது கற்றலுக்கும் நினைவுக்கும் இன்றியமையாதது. கல்லீரல் திடீரெனச் செயலிழந்து அம்மோனியா ஒரேயடியாக ஏறும்போது இந்த ஏற்பி அளவுக்கு மீறித் தூண்டப்படுகிறது. மாறாக, இரத்தப் பாதை மெல்ல மெல்ல மாறிய நாட்பட்ட நோயில், இந்த ஏற்பியைத் தொடர்ந்து செல்லும் செய்தி வலுவிழந்து விடுகிறது. புதியதைக் கற்கும் திறன் குறைகிறது. ஒருபுறம் பிரேக் அழுந்துகிறது. மறுபுறம் வேகமிதி தளர்கிறது. கிருமித் தொற்று ஏதேனும் சேர்ந்தால் இவ்விரண்டும் மேலும் தீவிரமடைகின்றன.

தூக்க மாத்திரை ஏன் கூடாது?

இப்போது நாம் முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். டயஸிபாம், அல்பிரஸோலாம் போன்ற தூக்க மாத்திரைகள் மூளையில் எங்கே வேலை செய்கின்றன? அதே காபா ஏற்பியில்தான். ஏற்கெனவே அகலத் திறந்துள்ள கதவை அவை இன்னும் அகலமாகத் திறக்கின்றன. மேலும், அம்மாத்திரையைச் சிதைத்து வெளியேற்ற வேண்டிய கல்லீரலே நலிந்திருப்பதால், ஒரு மாத்திரையின் வேகம் ஒரு நாளில் தணியாமல் பல நாட்கள் நீடிக்கலாம். "இரவு உறங்கட்டும்" என்று அன்போடு கொடுத்த மாத்திரையால் ஆழ்மயக்கத்தில் விழுந்தோர் உண்டு.

இதற்கு மருத்துவ உலகம் கண்ட ஒரு சான்றும் உள்ளது. தூக்க மாத்திரையின் வேகத்தை முறிக்கும் ஃப்ளூமசெனில் என்னும் ஊசியைக் கல்லீரல் நோயால் மயங்கியோருக்குச் செலுத்தியபோது, அவர்களில் ஒரு பகுதியினர் சிறிது நேரம் தெளிவடைந்தனர். அத்தெளிவு நீடிக்கவில்லை, ஆயுளையும் அது நீட்டவில்லை. ஆகவே அது வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்படவில்லை. எனினும் கோளாறு எந்த ஏற்பியில் நிகழ்கிறது என்பதை அது தெளிவாகக் காட்டியது. கல்லீரல் நோயாளி இரவில் உறங்கவில்லை என்றால், அது தூக்கமின்மை அன்று. நோய் மூளையைத் தொட்டுவிட்டதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். இருமல் மருந்துகளிலும் கடும் வலி நீக்கிகளிலும் மயக்கம் தருவன உண்டு என்பதால் அவற்றையும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

சிகிச்சை குடலில் தொடங்குகிறது

நோய் மூளையில் தென்பட்டாலும், அதன் ஊற்று குடலில் இருப்பதால் சிகிச்சையும் அங்கேயே தொடங்குகிறது. லாக்டுலோஸ் என்னும் இனிப்பான சிரப், பெருங்குடலுக்குச் சென்று அங்கு அமிலத்தன்மையை உண்டாக்குகிறது. அம்மோனியா இரத்தத்தில் ஏறாமல் மலத்தோடு வெளியேறுகிறது. நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறை மலம் இளகிக் கழியும் அளவுக்கு இதைப் பருக வேண்டும். வயிற்றுப்போக்காகும் அளவுக்குப் பருகினால் உடலின் நீர் வற்றி நோய் மிகும்.

டெல்லி ஜி.பி. பந்த் மருத்துவமனை மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வைக் கவனியுங்கள். ஒருமுறை மயக்க நிலை வந்து தெளிந்த நோயாளிகளில், லாக்டுலோஸ் தொடர்ந்து பருகியவர்களில் 100க்கு 20 பேருக்கே மீண்டும் அந்நிலை வந்தது. பருகாதவர்களில் 100க்கு 47 பேருக்கு வந்தது. "தெளிந்துவிட்டாரே, இனி எதற்கு மருந்து" என்று நிறுத்துவோர் இதைச் சிந்திக்க வேண்டும். மீண்டும் மீண்டும் மயக்கம் வருவோருக்கு ரிஃபாக்ஸிமின் என்னும் மாத்திரையையும் மருத்துவர் சேர்ப்பார். கல்லீரல் முற்றிலும் நலிந்தோருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை உண்டு. இந்தியாவில் 1998இல் வெற்றி கண்ட அத்தகைய முதல் அறுவையைப் பெற்றது காஞ்சிபுரத்துக் குழந்தை. கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தவர் அதன் தந்தை. இன்று சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலும் இவ்வறுவை செய்யப்படுகிறது.

திடீரெனக் குழப்பம் ஏற்பட்டால் அதைத் தூண்டிய காரணம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். மலச்சிக்கல், இரத்த வாந்தி அல்லது தார் போன்ற கருமலம், காய்ச்சல், வயிற்று நீரில் தொற்று, நீர் பிரியும் மாத்திரை அதிகமாதல் ஆகியவையே அவை. காரணத்தைக் கண்டு நீக்கினால் பெரும்பாலோர் தெளிவடைகின்றனர். இதுதான் இந்நோயில் நமக்குள்ள பெரும் ஆறுதல்.

உணவும் நோன்பும்

"புரதத்தால்தான் அம்மோனியா வருகிறது, ஆகவே பருப்பு, முட்டை, பால் எதுவும் கூடாது" என்று நோயாளியை வெறும் கஞ்சியில் வைத்திருக்கும் வழக்கம் முன்னாளில் இருந்தது. அது தவறு என்பது இன்று தெளிவாகிவிட்டது. கல்லீரல் நலிந்தபோது அம்மோனியாவை ஏற்று அடக்குவது தசைகளே. பட்டினி கிடந்தால் தசை கரையும், அம்மோனியா ஏறும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. பருப்பு, சுண்டல், தயிர், பால் ஆகியவற்றின் புரதத்தை இந்நோயாளிகளின் உடல் நன்கு ஏற்கிறது. இரவு உறங்கும் முன்னர் சிறிது உணவு உண்பது மிக அவசியம். ஏனெனில் சிரோசிஸ் நோயாளியின் ஓர் இரவுப் பட்டினி, நலமானவரின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்கு ஒப்பானதாகும்.

இதிலிருந்து ரமளான் நோன்பைக் குறித்து ஒரு முக்கியமான செய்தி கிடைக்கிறது. நம் பகுதியில் ஏறத்தாழ 13 மணி நேரம் நோன்பிருக்க வேண்டியுள்ளது. முற்றிய சிரோசிஸ் உடையவருக்கும், ஒருமுறையேனும் மூளை மங்கியவருக்கும் இது பெருந்தீங்கு விளைவிக்கக்கூடும். "உயிர் போனாலும் நோன்பை விட மாட்டேன்" என்று கூறும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் உள்ளனர். அவர்களின் ஈமானைப் போற்றுகிறோம். ஆயினும் நோயாளிக்குச் சலுகை வழங்கியவனும் நோன்பைக் கடமையாக்கிய அதே இறைவன் தானே? அச்சலுகையை ஏற்பதும் வணக்கமே. நோன்புக்கு முன்னரே மருத்துவரைக் கலந்து, ஃபித்யா பற்றி ஆலிம்களிடம் விளக்கம் பெற்றுக் கொள்ளுங்கள்.

குடும்பத்தாரின் கடமை

கல்லீரல் நோயாளி உள்ள வீட்டார் சிலவற்றை வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும். நாள்தோறும் அவருடைய பெயரை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத்து சிதையத் தொடங்கினால் அதுவே எச்சரிக்கை மணி. மலம் கழிந்ததா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மனம் சிறிதேனும் மங்கியுள்ள நிலையில் இருசக்கர வாகனம் ஓட்ட விடாதீர்கள். அந்நிலையில் அவர் சினந்து பேசினால், அது அவருடைய பேச்சன்று, நோயின் பேச்சு என்று பொறுத்துக் கொள்ளுங்கள். எழுப்பியும் எழாவிட்டாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ, விடியும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள். திருவாலங்காடு போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு மாவட்டத் தலைநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. நோயாளிக்காக துஆ செய்யுங்கள்; ஓதிப் பாருங்கள். ஆனால் அதையே காரணமாக்கி ஓர் இரவைக்கூட வீணாக்காதீர்கள். மருந்தைத் தேடுவது தவக்குலுக்கு மாறானதன்று.

வருமுன் காப்பதும் நம் பொறுப்பே. பச்சிளங்குழந்தைகளுக்கு அரசு இலவசமாக அளிக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் கல்லீரலையும் ஒருமுறை சோதித்துக் கொள்ளுங்கள்.

நம் அறிவையும், நம் பெற்றோரின் அறிவையும் இறுதி மூச்சுவரை தெளிவாக வைத்து, நோயுற்றோர் அனைவருக்கும் பூரண நலம் வழங்க வல்ல இறைவனை இறைஞ்சுவோமாக. ஆமீன்.